ஞாயிறு வரைக்கும் துக்கம்

தூர தேசம் ஒன்றில் சண்டை மூண்டு, ஊர் ஊராக இடிந்து விழுந்துகொண்டிருந்த வாரத்தில் அந்தப் பெரிய ஆலயத்துக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. எல்லாச் சபைகளும் உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்று பேராயர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்டின் பெயரைப் போதகர் ஒரு மாதிரியும் செயலாளர் வேறு மாதிரியும் உச்சரித்தார்கள். மூப்பர் ஒருவர், அந்த மக்கள் நம்முடைய பிரிவைச் சேர்ந்தவர்கள்தானா என்று விசாரித்தார். தெரியாது என்றார்கள். அது தெரியாமல் எப்படி இரங்குவது என்று கேட்டுவிட்டு அவர் உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தவர் லிஃப்ட்காரர்.

அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் நர்ஸ் வேலை கிடைத்து அந்தத் தூர தேசத்துக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்காருவார். அங்கிருந்து போதகரைப் பார்க்க முடியாது; போதகராலும் அவரைப் பார்க்க முடியாது. இருவருக்கும் அது வசதியாகவே இருந்தது. ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது போதகர், "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். எல்லாரும் என்று சொல்லும்படி வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் "சௌக்கியம்" என்றுவிட்டு லிஃப்ட்காரர் நகர்ந்துவிடுவார்.

அந்த ஞாயிறு அவர் நகரவில்லை.

"ஐயா, என் பொண்ணு அங்கதான் ஆஸ்பத்திரில இருக்கா, நர்ஸா. போனே போக மாட்டேங்குது. கொஞ்சம் ஜெபத்துல சேர்த்துக்கங்க" என்றார்.

போதகர் குலுக்கிய கையை விடவில்லை. மற்றக் கையை உயர்த்தித் தூரத்தில் நின்ற செயலாளரை அழைத்தார். செயலாளர் ஓடி வந்ததும், "கிடைச்சுட்டார்" என்றார்.

செயலாளர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். எப்பேர்ப்பட்ட துயரத்தையும் ஒரே வாக்கியத்தில் தீர்மானமாக எழுதிவிடுவார். அன்று மாலையே குழு கூடியது. லிஃப்ட்காரரை மேசையின் தலைப்பக்கத்தில் உட்காரவைத்துத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மகளைப் பற்றிக் கேட்பார்கள், சொல்லலாம் என்று அவர் வரும் வழியிலேயே மனதுக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார். யாரும் கேட்கவில்லை. முதலில் குழுவுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. துயர் துடைப்புக் குழு என்று போதகர் சொன்னார். துயரத்தைத் துடைப்பதென்றால் பொறுப்பு அதிகம், கண்ணீர் துடைப்புக் குழு என்றால் ஒரு கைக்குட்டையோடு முடிந்துவிடும் என்று பொருளாளர் சொன்னார். கண்ணீரே நிலைத்தது.

அடுத்து, யாருக்காக ஜெபிப்பது என்ற கேள்வி வந்தது. சண்டை போடும் இரண்டு தரப்பில் எது நல்ல தரப்பு என்று அரசாங்கம் இன்னும் அறிவித்திருக்கவில்லை. ஆகவே இரண்டு தரப்புக்காகவும் ஜெபிப்பது, ஆனால் எந்தத் தரப்பு கேட்டாலும் தங்களைப் பற்றி இல்லை என்று நினைத்துக்கொள்ளும்படி ஜெபிப்பது என்று செயலாளர் எழுதினார். ஒருமனதாக நிறைவேறியது.

கடைசியில் போதகர் எழுந்து பேசினார். அவர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

"ஆண்டவர் நம்ம சபைக்குக் கொடுத்திருக்கிற பெரிய வாய்ப்பு இது. ஆத்தங்கரைச் சபையில நம்மளவிடப் பெரிய பாடகர் குழு இருக்கு, ஏசி இருக்கு. ஆனா இப்படி ஒரு தகப்பன் அவங்ககிட்ட இல்ல" என்றார்.

எல்லாரும் லிஃப்ட்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்.

அடுத்த ஞாயிறு அவருக்கு முன்வரிசைக்கும் முன்னால் தனி நாற்காலி போட்டார்கள். தூணுக்குப் பின்னால் இருந்தபோது அவர் அவ்வப்போது கண்ணை மூடிக்கொள்வார், கால் மாற்றி உட்காருவார், மூக்கைச் சிந்துவார். இங்கே எதுவும் செய்ய முடியவில்லை. அவர் எப்போது கண்ணைத் துடைப்பார் என்று சபை முழுவதும் முதுகுக்குப் பின்னால் காத்திருப்பது அவருக்கே தெரிந்தது. ஒருமுறை தும்மல் வந்து முகத்தைத் துடைத்தார். பாடகர் குழுவில் இரண்டு பேர் விம்மினார்கள்.

மகளுடைய படம் ஒன்று வேண்டும் என்றார்கள். அவளே அனுப்பிய படத்தைக் கொடுத்தார். அதில் அவள் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் நின்றுகொண்டு, காற்றில் பறக்கும் தலைமுடியைப் பிடித்தபடி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் சிரிப்புத்தான் கொஞ்சம் அதிகம் என்று குழு கருதியது. சிரிக்காத படம் உண்டா என்று செயலாளர் கேட்டார். அவளுக்கு அப்படி ஒரு படமே இல்லை என்று லிஃப்ட்காரர் யோசித்துச் சொன்னார். பேனர் அடிப்பவர் அதைப் பார்த்துக்கொண்டார். ஞாயிறன்று பீடத்துக்கு மேலே தொங்கிய துணியில் மகளின் உதடுகள் மூடியிருந்தன. பின்னால் இருந்த நீல வானத்தைக் கரும்புகையாக மாற்றியிருந்தார்கள். லிஃப்ட்காரர் ஆராதனை முழுக்க அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண்ணைப் போல் இருந்தது.

துணிமணி சேகரிப்பும் நடந்தது. ஞாயிறு பள்ளி அறை கம்பளிகளால் நிரம்பியது. யாரோ ஒருவர் தம் கல்யாண கோட்டைக் கொடுத்திருந்தார். அங்கே எப்படி, ரொம்பக் குளிருமா என்று பொருளாளர் ஒரு மரியாதைக்கு லிஃப்ட்காரரைக் கேட்டார். விடியற்காலையிலேயே வேர்த்துக் கொட்டும் என்று மகள் சொல்லுவாள் என்றார் அவர். பொருளாளர் செயலாளரைப் பார்த்தார். கம்பளி என்று ஏற்கெனவே தீர்மானம் போட்டாகிவிட்டதே என்றார் செயலாளர்.

இவையெல்லாவற்றையும் லிஃப்ட்காரர் தாங்கிக்கொண்டார். ஜெபச்சங்கிலியைத்தான் தாங்க முடியவில்லை.

சபையார் ஆளுக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை சங்கிலி அறாமல் ஜெபிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஜெபித்து முடித்தவர் லிஃப்ட்காரருக்குப் போன் செய்து, ஜெபித்தாயிற்று என்று தெரிவிக்க வேண்டும். அப்படியே ஏதாவது சேதி வந்ததா என்று விசாரித்து ஆறுதல் சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்ல ஆரம்பித்தவர்கள் தங்கள் முழங்கால் வலிக்கு வந்து, மருமகளுக்குப் போய், வீட்டுக்கு மேலே கட்டிய அறை ஒழுகுவதில் முடித்தார்கள். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் லிஃப்ட்காரர் மகள் என்று நினைத்து ஓடி வந்து எடுத்தார். அவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் இன்னோர் அழைப்பு டொக் டொக்கென்று தட்டும். அது மகளாக இருந்தால்? பேசுகிறவரை வைக்கச் சொல்ல அவருக்கு வாய் வராது. எதிராளி அழுதுகொண்டிருப்பார். கடைசியில் பார்த்தால் தட்டியவர் அடுத்த அரைமணி நேரக்காரர்.

போனை மகளுக்காகக் காலியாக வைத்திருக்க வேண்டும், கூப்பிடாமல் ஜெபித்தால் போதாதா என்று செயலாளரிடம் கெஞ்சினார். நியாயமான கோரிக்கை என்று செயலாளர் ஒப்புக்கொண்டு, தொந்தரவு தவிர்ப்புத் துணைக்குழு ஒன்றை அமைத்தார். துணைக்குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே லிஃப்ட்காரருக்குப் போன் செய்து, இனிமேல் யாரும் போன் செய்து தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று உறுதி கூறினார்கள். உறுதி காப்பாற்றப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள மறுபடியும் செய்தார்கள்.

இத்தனை பேர் கூப்பிட்டும் அவர் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. சாயங்காலங்களில் எல்லாரும் அவருக்காகக் குழுவில் இருந்தார்கள். அவர் அடுப்படியில் நின்றபடியே ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுவார். எதிர்ச் சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும். லிஃப்ட் ஓட்டிய காலத்தில் நாள் முழுவதும் ஆட்கள் தோளை உரசிக்கொண்டு நின்றார்கள். அவரிடம் மாடி எண்ணைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மகள்தான் வந்து அந்தக் குட்டி ஸ்டூலில் உட்காருவாள். மேலும் கீழும் போய்க்கொண்டே பாடம் எழுதுவாள். லிஃப்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அன்றைக்கு யார் யார் அடி வாங்கினார்கள் என்று சொல்லுவாள். ஆள் ஏறியதும் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். அவர் வாழ்க்கையில் பேசிய பேச்செல்லாம் அப்படி இரண்டு மாடிகளுக்கு நடுவில் பேசியதுதான்.

வரும் ஞாயிறு பேராயரே வருகிறார் என்று முடிவானதும் ஆலயம் பரபரப்பானது. வியாழக்கிழமை மத்தியானம் ஒத்திகை வைத்தார்கள். லிஃப்ட்காரர் கையில் மெழுகுவர்த்தியோடு நடுவழியில் நடந்து வர வேண்டும். அவர் வழக்கம்போல் நடந்தார். பாடகர் குழுத் தலைவிக்குத் திருப்தி இல்லை. கொஞ்சம் தள்ளாடினால் நன்றாயிருக்கும், வயதும் இருக்கிறது, யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள் என்றார். அவர் தள்ளாடிக் காட்டினார். போதும் போதும், அவ்வளவு வேண்டாம் என்றார் தலைவி.

மூன்றாம் முறை தள்ளாடிக்கொண்டு வரும்போது அவருடைய சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. ஆலயத்துக்குள் போனை அணைத்து வைக்க வேண்டும் என்று கதவிலேயே எழுதிப் போட்டிருந்தது. அவர் எடுத்துப் பார்த்தார். ஏதோ நீளமான எண். மெழுகுவர்த்தியைப் பக்கத்திலிருந்த பெஞ்சில் வைத்துவிட்டு, கொஞ்சமும் தள்ளாடாமல் பக்கவாசல் வழியாக வெளியே போனார்.

"அப்பா" என்றது போன்.

அவர் சைக்கிள் நிறுத்தும் இடத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, கேக்குதா? யார்கிட்டயோ கெஞ்சி வாங்கின போன். சீக்கிரம் பேசணும். எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா? எப்பப் பார்த்தாலும் பிஸி. அப்படி யார்கிட்டதான் பேசிட்டிருக்கீங்க?"

"சர்ச்காரங்கம்மா. உனக்காக ஜெபம் பண்றாங்க."

அவள் சிரித்தாள். பேனரில் மூடிவைத்திருந்த வாய் அங்கே திறந்துதான் இருந்தது. ஆஸ்பத்திரியின் பாதி விழுந்துவிட்டது என்றும், ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் கட்டில்களைப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போக விமானம் வந்ததாம்.

"நான் ஏறலப்பா."

அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"என் வார்டுல இருந்த மத்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. நானும் போயிட்டா இவங்களுக்குத் தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்ல. கோவமா?"

வந்துவிடு என்பது தொண்டைவரை வந்து நின்றது. "சாப்டியாம்மா?" என்று கேட்டார்.

"சாப்டேன். நீங்க நின்னுக்கிட்டே சாப்பிடாதீங்க. உக்காந்து சாப்பிடுங்க" என்றாள். அத்தோடு இணைப்பு அறுந்தது.

அவர் உள்ளே வந்து, மகள் பேசினாள், உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னார். பாடகர் குழுவில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, வேறு யாரும் தட்டாததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். குழுத் தலைவி போதகரைப் பார்த்தார். போதகர் செயலாளரைப் பார்த்தார். பிறகு இருவருமாக லிஃப்ட்காரரைத் தோளில் கைபோட்டுப் போதகர் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள்.

"ஐயா, நான் சந்தோஷப்படலன்னு நினைச்சுடாதீங்க" என்றார் போதகர். "ரொம்ப சந்தோஷம். ஆனா நீங்க ஒண்ணு யோசிக்கணும். ஞாயித்துக்கிழமை பேராயர் வர்றார். 'சேதியறியாத் தகப்பன்'னு அவரோட பிரசங்கம் அச்சாகியே வந்தாச்சு. சேதி தெரிஞ்சுபோச்சுன்னா அந்த மனுஷன் எதைப் பேசுவார்?"

"பொண்ணு எப்ப திரும்பி வர்றா?" என்று செயலாளர் கேட்டார்.

வரவில்லை, அங்கேயே இருக்கிறாளாம் என்றார் லிஃப்ட்காரர். செயலாளரின் முகம் வாடியது.

"திரும்பி வர்றான்னா நன்றி ஆராதனை வைக்கலாம். வேற மாதிரி ஏதாவது ஆயிருந்தா, மன்னிக்கணும், அதுக்கும் ஒரு ஆராதனை இருக்கு. உயிரோட இருக்கா, ஆனா வரலன்னா? அதுக்கு ஜெபப் புத்தகத்துல ஒண்ணும் இல்லையே" என்றார்.

"அப்ப அவ உயிரோட இருக்கான்னு சொல்லக்கூடாதுங்களா?"

"தாராளமா சொல்லலாம். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்" என்றார் போதகர். "அது வரைக்கும் நீங்க துக்கமா இருந்தா போதும். புதுசா எதுவும் செய்ய வேண்டாம். இத்தனை நாள் இருந்தீங்களே, அப்படியே இருங்க."

ஏறுகிறவர்கள் சொன்ன மாடிக்குக் கொண்டுபோய் விட்டே பழகியவர் அவர். சரிங்க என்றார். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று பாடகர் குழுவிடமும் சொல்லப்பட்டது. ஆலயத்தின் நன்மைக்காக என்றதும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

துக்கமாக இருப்பது அவருக்குக் கஷ்டமாக இல்லை. அவள்தான் வரவில்லையே. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷமும் கிடந்து உதைத்தது. அதை யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டும்போல் இருந்தது. வெள்ளிக்கிழமை ரொட்டிக் கடைக்காரரிடம், "நேத்து என் பொண்ணு பேசினா" என்றார். கடைக்காரர், "நல்லதுங்க" என்றுவிட்டு அடுத்து நின்றவரைப் பார்த்தார். அவள் எங்கிருந்து பேசினாள் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் ரொட்டியோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

சங்கிலி தொடர்ந்தது. சேதி வந்ததா என்று கேட்டவர்களிடம் இல்லை என்றே சொன்னார். சனிக்கிழமை ஒரு பெண்மணி கூப்பிட்டார். விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்ப்பவர், அதுவரை அவரோடு பேசியதில்லை. ஏதாவது சேதி உண்டா என்றார். இல்லைம்மா என்றார் லிஃப்ட்காரர். அந்தப் பக்கம் அந்த அம்மாள் அழுவது கேட்டது. ஆறுதல் சொல்லவில்லை, முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லவில்லை. மன்னிச்சுக்கங்க, எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு லிஃப்ட்காரருக்கு ரொட்டி இறங்கவில்லை.

ஞாயிறன்று ஆலயம் நிரம்பி வழிந்தது. முற்றத்திலும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். ஆத்தங்கரைச் சபையிலிருந்துகூடச் சிலர் வந்து, புகைக்கு முன்னால் நிற்கும் பெண்ணை அண்ணாந்து பார்த்துவிட்டு, பொறாமையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேராயர் கணீரென்று பேசினார். அந்தத் தேசம் தீப்பற்றி எரிகிறது, ஆனால் அந்தத் தீயில்தான் நமது சபை இன்று பிரகாசிக்கிறது என்றார். இப்படி ஒரு பேரழிவு நேராமல் இருந்திருந்தால் நாம் இவ்வளவு ஒற்றுமையாகக் கூடியிருப்போமா என்று கேட்டார். கூடியிருக்க மாட்டோம் என்று எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

அதன்பின் லிஃப்ட்காரர் மெழுகுவர்த்தியோடு நடந்து வந்தார். பேராயர் இறங்கி வந்து அவரை அணைத்துக்கொண்டு, மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினார். இந்த இடத்தில் தகப்பன் பேசாமல் தலையை மட்டும் அசைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"தகப்பனே, உன் மகளைப் பற்றி ஏதேனும் சேதி உண்டா?" என்று பேராயர் கேட்டார்.

லிஃப்ட்காரர் பெஞ்சுகளைப் பார்த்தார். அந்தச் சமையற்கார அம்மாள் யார் என்று அவருக்கு அடையாளம் தெரியாது. இருந்தாலும் தேடினார். எந்த முகமும் அவராக இருக்கலாம் என்று தோன்றியது.

"உண்டுங்க" என்றார். "வியாழக்கிழமையே பேசிட்டா. உயிரோட இருக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் சொல்ல வேண்டாம்னாங்க. நேத்து ஒரு அம்மா போன் பண்ணி அழுதாங்க. அவங்ககிட்ட இல்லன்னு சொல்லிட்டேன். அவங்க இங்க இருந்தா கேட்டுக்கட்டும். அவ இருக்கா."

பேராயர் அனுபவசாலி. ஒரு மூச்சு விடும் நேரத்தில் நிமிர்ந்து, இரு கைகளையும் உயர்த்தி, "நாம் ஜெபித்தோம், கிடைத்தது. அவள் வீடு திரும்புகிறாள்" என்று முழங்கினார்.

"இல்லங்க. வரல" என்றார் லிஃப்ட்காரர். மைக் இன்னும் அவர் பக்கமே இருந்தது. "அங்க ஆளுங்க கிடக்காங்களாம். தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்லையாம். கம்பளியெல்லாம் வேண்டாங்க, அங்க வெயில்."

செயலாளர் கையைக் காட்டினார், பாடகர் குழு எழுந்தது. வேறு பாட்டு ஒத்திகை பார்க்காததால் அந்தப் புலம்பல் பாட்டையே கொஞ்சம் வேகமாகப் பாடினார்கள்.

அவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வாசலில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். குழு அந்த வாரமே கூடி, தன் பணி இனிதே நிறைவேறியதாகத் தீர்மானித்துக் கலைந்தது. பேனர் கழற்றப்பட்டு ஓட்டை விழுந்த ஜன்னல் ஒன்றை மறைக்கப் பயன்பட்டது. வேறொரு தூர தேசத்தில் பெரிய வெள்ளம் வந்தது. அங்கே மருமகன் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் மூன்றாம் வரிசையில் இருப்பது தெரிய வந்து, அந்தத் தனி நாற்காலி அவருக்குப் போனது. சண்டை நிற்கவில்லை. அது செய்தியில் வருவது மட்டும் நின்றுவிட்டது.

சங்கிலியும் அறுந்தது. இப்போது போன் நாள் முழுவதும் மேசைமேல் சும்மா கிடந்தது. கெட்டுவிட்டதோ என்று லிஃப்ட்காரர் சிலசமயம் எடுத்துப் பார்ப்பார். மகளின் அழைப்பு எப்போதாவது வந்தது. சில நாள் இரண்டு வார்த்தை, சில நாள் வெறும் இரைச்சல். அவர் இப்போதெல்லாம் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருப்பது உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

ஒரு நாள் காலை மகள் வழக்கத்தைவிட வேகமாகப் பேசினாள்.

"அப்பா, ஒரு வேலை இருக்கு. இங்க ஒரு வயசான அம்மா இருக்காங்க. கால் போச்சு. நான் எந்த ஊர்னு சொன்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறாங்க. அவங்க பையன் நம்ம ஊர்லதான் இருக்கானாம். நம்பர் இருந்த போன் வீட்டோட போச்சு. சலவைக் கடையில வேலையாம். கடைக்குப் பின்னாடி சர்ச் மணி அடிச்சா தண்ணித் தொட்டி அதிருதுன்னு சொல்லியிருக்கானாம். எனக்கென்னமோ நம்ம சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கிற சந்துன்னு தோணுது. போய்ப் பாக்கறீங்களா?"

அடையாளத்துக்கு, தாய் மகனைக் கூப்பிடும் செல்லப்பெயர் ஒன்றைச் சொல்லித் தந்தாள். நாக்கைப் புரட்டிச் சொல்ல வேண்டிய பெயர். லிஃப்ட்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பெயரை முணுமுணுத்துக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஆலயத்தின் பின்சுவரை ஒட்டினாற்போல் அந்தச் சந்து இருந்தது. அத்தனை வருடம் வந்தும் அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. கடைக்குள் ஆவி மண்டியிருந்தது. கொடியில் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்குக் கீழே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குனிந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். யார் என்று நிமிர்ந்து பார்த்தார்.

லிஃப்ட்காரர் அந்தப் பெயரைச் சொன்னார். தப்பாகத்தான் வந்தது. மறுபடியும் சொன்னார்.

இஸ்திரிப்பெட்டி அப்படியே நின்றது. அங்கியின் கை கருகி வாடை வந்த பிறகுதான் அவர் அதைத் தூக்கி வைத்தார்.

"அது யார் சொன்னது?" என்றார். இந்த ஊர்ப் பேச்சு அவருக்குக் கொஞ்சம் தடுக்கியது.

"உங்க அம்மா. என் பொண்ணு நர்ஸ், அவதான் பாத்துக்கிறா. உயிரோட இருக்காங்க. காலுக்கு அடிபட்டிருக்கு. ஆனா பேசறாங்களாம்."

"எப்ப?"

"இப்பத்தான். ஒரு மணி நேரம்கூட இருக்காது. கேட்டதும் வந்துட்டேன்."

சலவைக்காரர் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். லிஃப்ட்காரர் பக்கத்தில் நின்றார். பிறகு அவரும் மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தார். சலவைக்காரர் முகத்தை மூடியபடியே பேசினார். சண்டை வந்த புதிதில் ஆலயத்து மைக்கில் அவருடைய நாட்டின் பெயர் கேட்டதாம். சேதி ஏதாவது சொல்கிறார்களோ என்று வேலையைப் போட்டுவிட்டு முன்வாசலுக்கு ஓடியிருக்கிறார். அங்கி கொண்டு வந்திருந்தால் பின்வாசலில் கொடுக்கச் சொன்னார்களாம்.

நானும் உள்ளதான் இருந்தேன் என்றார் லிஃப்ட்காரர்.

அப்போது வாசலில் பாடகர் குழுத் தலைவி வந்து நின்றார். மறுநாள் வெள்ள நிவாரண ஆராதனை, அங்கிகள் ஆயிற்றா என்று கேட்டார். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரரைக் கண்டதும், நீங்க எங்க இங்க என்று ஆச்சரியப்பட்டார்.

சலவைக்காரர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்குக் கடை இல்லம்மா."

"என்னது, அங்கி எல்லாம் உள்ள தொங்குதே."

"தொங்கட்டும். எங்க வீட்ல நல்ல சேதி வந்திருக்கு" என்று சொல்லி, அந்த அம்மாள் மேற்கொண்டு வாய் திறப்பதற்குள் இரும்புக் கதவை இழுத்துவிட்டார். வெளியே செருப்புச் சத்தம் சிறிது நேரம் அங்கேயே சுற்றிவிட்டுப் போனது.

உள்ளே வெளிச்சம் குறைந்தது. சலவைக்காரர் ஒரு முக்காலியைத் துடைத்து லிஃப்ட்காரருக்குப் போட்டார். தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். பிறகு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆவியில் ஈரமான முகத்தை நிமிர்த்தினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா. முதல்லேருந்து. என் அம்மா பத்தியும், உங்க பொண்ணு பத்தியும். எல்லாம் சொல்லுங்க, எனக்கு நேரம் இருக்கு."

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகள் பிறந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.